பாதியில் அறுந்து வரும் டேட்டா

திருப்பூர் நிட்டிங் யூனிட்டில் மெஷினிலிருந்து சர்வருக்கு வரும் ரெக்கார்டு பாதியில் அறுகிறதா, இரண்டு ஒட்டிக்கொண்டு வருகிறதா? கேபிளை மாற்றிப் பயனில்லை. டிசிபி (நெட்வொர்க்கில் டேட்டாவைக் கொண்டுசேர்க்கும் முறை) பைட்டுகளை வரிசை மாறாமல் சேர்க்கும். மெசேஜ் எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. 1000 பைட் அனுப்பினால் ஒரு ரிசீவ் (டேட்டாவை வாங்கும்) அழைப்பில் 600 மட்டும் வரலாம்.

ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில், பிக் எண்டியனாக (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) எழுதுங்கள். வாங்கும் பக்கம் அந்த 4 பைட்டும் சேரும்வரை லூப்பில் படித்து (அதுவேகூடப் பிரிந்து வரும்!), பிறகு அத்தனை பைட் படியுங்கள். ரிசீவ் 0 பைட் தந்தால் எதிர்ப்பக்கம் இணைப்பை மூடிவிட்டது. உடனே வெளியேறாவிட்டால் லூப் சிபியுவைத் தின்றுவிடும். சென்டும் குறைவாக அனுப்பலாம். பைத்தானில் முழுவதையும் அனுப்பி முடிக்கும் சென்ட்ஆல் போதும்.

மெஷின் பக்கம் கரண்ட் போனால் சர்வருக்குத் தெரியாது. லினக்ஸில் கீப்அலைவை (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி) இயக்கினாலும், இயல்பு அமைப்பில் முதல் சோதனை 7200 வினாடிக்குப் பிறகுதான். மெஷினிலிருந்து 10 வினாடிக்கொரு ஹார்ட்பீட் ('இருக்கிறேன்' என்னும் சிறு மெசேஜ்), சர்வரில் 30 வினாடி ரிசீவ் டைம்அவுட் வையுங்கள்.