விறைப்புக் குறைபாட்டுக்கு ரத்தப் பரிசோதனை: லேபுக்குப் போகும் முன்பும் ரிப்போர்ட் வந்த பின்பும்

விறைப்பு சரியாக வருவதில்லை என்று டாக்டரிடம் சொல்லவே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. அவ்வளவு தயக்கத்தைத் தாண்டிப் போனவருக்கு, தப்பான நேரத்தில் ரத்தம் எடுத்துத் தப்பான ரிப்போர்ட் கையில் வரக்கூடாது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டாலும் குறையும். அதனால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுங்கள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் அதை டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தூங்கி எழுந்த நேரம்தான் காலை. காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரத்தில் போகவே வேண்டாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் இயந்திரங்களில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் தைராய்டு பரிசோதனையான டிஎஸ்எச் அளவைக் குறைத்தும் காட்டிவிடும். 5, 10 மில்லிகிராம் மாத்திரை என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் உடனே முடிவுக்கு வரக்கூடாது. வேறொரு நாள் காலை மறுபடி பார்க்க வேண்டும். தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி புரதம் அவர்களுக்குக் குறைவாக இருக்கும். மொத்த அளவு குறைந்து தெரிந்தாலும், உடம்புக்குப் பயன்படும் பகுதி போதுமானதாக இருக்கலாம். எஸ்எச்பிஜி, அல்புமின் (ரத்தத்தில் உள்ள இன்னொரு புரதம்) இரண்டையும் பார்த்துக் கணக்கிட்டால் உண்மை தெரியும். ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்று பல லேப்களில் நேரடியாக அளந்து தரும் எண்ணை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

இரண்டாவது தடவையும் குறைவு என்றால் எல்எச் (டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லி மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்), புரோலாக்டின் (அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோன்; இது ஏறினால் டெஸ்டோஸ்டிரோன் குறையும்) இரண்டையும் பார்க்க வேண்டும். எல்எச் ஏறியிருந்தால் கோளாறு விதையில் (விந்தகத்தில்). ஏறாமலே இருந்தால் பிட்யூட்டரி பக்கம் பார்க்க வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன், மனநலத்துக்கான ரிஸ்பெரிடோன் போன்றவை புரோலாக்டினை ஏற்றும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஹார்மோனையே துரத்திக்கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை, 6.5 தொட்டால் நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும் என்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்துப் பாருங்கள். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்; இதயத் தமனி மூன்று நான்கு. அடைப்பு மெல்லிய குழாயில்தான் முதலில் தெரியும். மாத்திரை போட்டு விறைப்பு வந்துவிட்டது என்பதற்காக எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். நெஞ்சுவலி வர இன்னும் சில வருடங்களே இருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்று முடிவானால், அதற்கு முன் ஹீமட்டோக்ரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), 40 வயதைத் தாண்டியவருக்குப் பிஎஸ்ஏவும் (புராஸ்டேட் சுரப்பிக்கான பரிசோதனை) பார்க்க வேண்டும். ஹீமட்டோக்ரிட் 50-ஐத் தாண்டியிருந்தால் காரணம் தெரியும்வரை ஊசி வேண்டாம். குழந்தைக்கு முயற்சி செய்பவர் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். நிறுத்திய பிறகும் அது திரும்பிவர மாதங்கள் ஆகும்.