ரெடிஸா, போஸ்ட்கிரெஸா? நேர்முகத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வில் ‘இந்தத் தரவை ரெடிஸில் வைப்பீர்களா, போஸ்ட்கிரெஸில் வைப்பீர்களா?’ என்ற கேள்வி ஏதாவதொரு வடிவில் வந்துவிடும். இரண்டும் தரவைச் சேமிக்கும் மென்பொருள்கள்: ரெடிஸ் நினைவகத்தில் (ராம்) வைக்கிறது, போஸ்ட்கிரெஸ் டிஸ்க்கில் வைக்கிறது. ‘ரெடிஸ் நினைவகத்தில் இருக்கிறது, அதனால் வேகம்’ என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: ‘போஸ்ட்கிரெஸும் அடிக்கடி தேவைப்படுவதை நினைவகத்தில்தானே வைத்துக்கொள்கிறது?’ ஆமாம், அதற்கென இயல்பாகவே 128 எம்பி ஒதுக்குகிறது. எனக்கு இந்தக் கேள்வி வந்த பிறகுதான் வேகத்தைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

எழுதும்போதுதான் இரண்டின் குணமும் பிரிகிறது. போஸ்ட்கிரெஸ், மாற்றத்தை லாக் எனும் பதிவேட்டில் எழுதி அது டிஸ்க்கில் இறங்கிய பிறகே ‘கமிட் ஆயிற்று’, அதாவது மாற்றம் உறுதியாயிற்று, என்கிறது. ரெடிஸ் இயல்பு நிலையில் அப்படிக் காத்திருப்பதில்லை. ஆகவே விடையை இப்படித் தொடங்குங்கள்: ‘இந்த நொடி மின்சாரம் போனால், இந்தத் தரவை இழக்கலாமா?’ பயனர் உள்நுழைந்திருக்கும் விவரம் போனால் அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உள்ளே வருவார். பணம் செலுத்திய பதிவு போனால் முணுமுணுப்போடு நிற்காது.

இதை மனப்பாடம் செய்யாமல் கணினியில் செய்து பாருங்கள். ரெடிஸை நிறுவி, நாலைந்து மதிப்புகளை எழுதி, உடனே ‘கில் -9’ (நிரலைச் சட்டென நிறுத்தும் கட்டளை) கொடுத்துக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்குங்கள். எழுதியது எதுவும் இருக்காது. முறையாக நிறுத்தினால் சேமித்துவிட்டுத்தான் போகும். அதனால்தான் கொல்லச் சொல்கிறேன். பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் கோப்பில் எழுதிவைக்கும் ‘ஏஓஎஃப்’ வசதியை இயக்கி இதையே செய்யுங்கள். இம்முறை எல்லாம் பத்திரமாக இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செத்தது ரெடிஸ் மட்டுமே. அது எழுதியது இயங்குதளத்தின் கையில் இருந்தது. கணினியே அணைந்தால் கதை வேறு. ஏஓஎஃப் இயல்பாக வினாடிக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் இறக்குவதால், ஏறக்குறைய ஒரு வினாடியில் எழுதியது போகலாம். ஒவ்வொரு முறை எழுதும்போதும் இறக்கும்படி மாற்றலாம். ஆனால் அதற்காக ரெடிஸைத் தேடி வந்த வேகத்தில் பெரும்பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும்.

நினைவகம் நிரம்பினால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். உச்சவரம்பு வைத்திருந்தால், இயல்பு அமைப்பில் ரெடிஸ் எதையும் நீக்காது. புதிதாக எழுத முயன்றால் பிழை திருப்பும். கேஷாக, அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவின் நகலை வைக்கும் இடமாகப் பயன்படுத்துபவர்கள் நெடுநேரம் தொடாததை நீக்கும்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘இரண்டையும் வைப்பேன்’ என்பது நல்ல விடைதான்: அசல் போஸ்ட்கிரெஸில், நகல் ரெடிஸில். ஆனால் அசல் மாறியதும் பழைய நகலை யார், எப்போது நீக்குவது என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நகலுக்குக் காலாவதி நேரம் வைப்பது குறைந்தபட்சம். சிறிய தளம் என்றால் ‘போஸ்ட்கிரெஸ் மட்டும் போதும்’ என்று சொல்லத் தயங்காதீர்கள். நான் அப்படிச் சொன்ன தேர்வில் பேச்சு நன்றாகவே போனது. விளையாட்டின் தரவரிசைப் பட்டியல் கேட்டால் மட்டும் யோசிக்காமல் மதிப்பெண் வரிசையிலேயே தரவை வைத்திருக்கும் ரெடிஸின் ‘சார்ட்டட் செட்’டைச் சொல்லலாம். புதிதாக வேலை தேடுபவர்கள் ரெடிஸைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டும் கிளஸ்டர் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம்.