மாஸ்கோவை நோக்கி ஏழு டர்ன்: ஹெக்ஸ் வார்கேம் கற்றுக்கொண்ட அனுபவம்

அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், அதன்மேல் படைகளைக் குறிக்கும் சின்னச் சின்ன அட்டைக் கவுண்டர்கள், ஒரு பகடை. போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் ஹெக்ஸ் வார்கேமுக்குத் தேவையான சாமான் இவ்வளவுதான். ஆனாலும் புதிதாக வருகிறவர்களில் பலர் ரூல்புக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த இடத்தைத் தாண்ட எனக்கு எது உதவியது என்று எழுதி வைக்கிறேன். இப்போது ஆரம்பிக்கிற யாருக்காவது பயன்படும்.

நான் எடுத்துக்கொண்டது ‘பேட்டில் ஃபார் மாஸ்கோ’. ஃபிராங்க் சாட்விக் வடிவமைத்து 1986இல் வந்தது, புதியவர்களுக்காகவே செய்தது. 1941 அக்டோபரில் ஜெர்மனி மாஸ்கோவை நோக்கி நடத்திய டைஃபூன் தாக்குதல்தான் களம். மொத்தம் ஏழு டர்ன். கடைசியில் மாஸ்கோ ஜெர்மனியின் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோவியத்துக்கு வெற்றி. விதிகள் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். இவ்வளவு சின்ன விளையாட்டே முதல் பார்வைக்குப் பிடிபடவில்லை என்றால், பெரிய விளையாட்டுகளின் ரூல்புக் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரைப் படிப்பது பெரிய விஷயமில்லை. செவ்வகத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் காலாட்படை, நீள்வட்டம் இருந்தால் டாங்கிப் படை. கீழே இருக்கிற எண்களில் ஒன்று வலிமை, இன்னொன்று எத்தனை கட்டம் நகரலாம் என்பது. அடி வாங்கினால் கவுண்டரைத் திருப்பிப் போட வேண்டும், பின்பக்கத்தில் குறைந்த வலிமை இருக்கும். ஒரு மாலையில் பழகிவிடும்.

சிக்கல் டர்னின் வரிசையில்தான் ஆரம்பித்தது. முதலில் நகர்ந்து அப்புறம் தாக்குவதுதான் யாருக்கும் இயல்பாகத் தோன்றும். இதில் தலைகீழ். முதலில் சண்டை, அதற்குப் பிறகு நகர்வு. ஜெர்மனியின் டாங்கிப் படைகளுக்கு மட்டும் சண்டைக்கு முன்னால் ஒரு தனி நகர்வு உண்டு. சண்டை முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து இன்னொரு முறையும் அவை நகரலாம். சோவியத்துக்கோ சண்டைக்கு முன்னால் இருப்பது ரயில் நகர்வு மட்டும். வரியாகப் படிக்கும்போது இது ஏனோதானோ என்று போட்ட விதி மாதிரிதான் தெரிந்தது. மனசில் நிற்கவே இல்லை.

அதனால் முழு ஆட்டத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வரைபடத்தின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்று சோவியத் படைகள் வரிசையாக, எதிரே மூன்று ஜெர்மன் காலாட்படை, பின்னால் இரண்டு டாங்கிப் படை. இரண்டு பக்கத்தையும் நானே ஆடினேன்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. காலாட்படை இந்த டர்னில் தாக்க வேண்டுமென்றால், போன டர்னின் முடிவிலேயே எதிரிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். அதாவது எங்கே தாக்கப்போகிறேன் என்று எதிரிக்கு ஒரு டர்ன் முன்னாலேயே தெரிந்துவிடும். அவர் விலகிப் போகலாம், ஆளைக் கூட்டலாம். டாங்கிகளுக்கு அந்தத் தளை இல்லை. சண்டைக்குச் சற்று முன்னால் எங்கிருந்தோ வந்து, எதிரிப் படைக்குப் பின்னால் நின்றுவிடும்.

பின்னால் நிற்பதால் என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு படையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் தன் பிடியில் வைத்திருக்கிறது. எதிரி அதற்குள் வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும், பின்வாங்கும் படை அதற்குள் போகவே முடியாது. எனவே பின்பக்கம் டாங்கி நிற்கும்போது பகடை வெறும் ‘பின்வாங்கு’ என்று வந்தால்கூட, போக வழியில்லாமல் அந்தப் படை அழிந்துவிடும். அதே முடிவு திறந்த முன்னணியில் வந்திருந்தால் ஒரு அடி பின்னால் போய் மறுபடி நின்றிருக்கும். 1941 அக்டோபரில் வியாஸ்மாவிலும் பிரியான்ஸ்கிலும் சோவியத் படைகள் மொத்தமாகச் சுற்றி வளைக்கப்பட்டது இப்படித்தான். டாங்கிகள் முந்திக்கொண்டு போய் வழியை அடைத்தன, காலாட்படை பின்னாலேயே வந்து அழுத்தியது. ஏனோதானோ என்று தெரிந்த வரிசைக்குள் அந்த வரலாறே இருக்கிறது. காரணம் தெரிந்தபிறகு அந்த விதியைத் திரும்பப் பார்க்கவே தேவைப்படவில்லை.

ரூல்புக்குகளின் குறையாக நான் நினைப்பது இதைத்தான். 7.3, 10.41 என்று எண் போட்டுச் சட்டப் புத்தகம் மாதிரி எழுதியிருப்பார்கள். ஆட்டத்தின் நடுவில் சந்தேகம் வந்தால் தேடி எடுக்க அது அருமையான முறை. ஆனால் எந்த விதி ஆட்டத்தின் உயிர், எது எப்போதாவது வரும் விதிவிலக்கு என்று அதில் தெரியாது. எல்லாம் ஒரே எழுத்தளவில், ஒரே குரலில் இருக்கும். புதியவர் எல்லாவற்றையும் ஒரே கனத்தோடு தூக்கப் பார்த்துக் களைத்துப்போகிறார்.

அடுத்துப் பழகியது சண்டைக் கணக்கு. தாக்குகிறவரின் மொத்த வலிமையைத் தடுக்கிறவரின் வலிமையால் வகுத்து, மீதியைத் தடுக்கிறவருக்குச் சாதகமாக விட்டுவிட வேண்டும். உதாரணத்துக்கு 23க்கு எதிராக 8 என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் பகடை போட்டுச் சண்டையின் முடிவைப் பார்க்கும் அட்டவணையில் அது 2:1 வரிசைதான். ஒரே ஒரு புள்ளி கூடி 24 ஆனால் 3:1. அந்த ஒரு புள்ளிக்காக முழு முன்னணியையும் மாற்றி அடுக்கத் தோன்றும். பொதுவாக ஒரு கட்டத்தில் ஒரு படைதான் என்பதால் ஆளைக் குவிக்கவும் முடியாது. நேரான முன்னணியில் ஒரு எதிரியை இரண்டு படைகள்தான் தொடும். மூன்றாவது படை தொட வேண்டுமென்றால் எங்காவது வரிசையை உடைத்துப் பக்கவாட்டுக்குப் போக வேண்டும். எங்கே உடைப்பது என்பதை விதி சொல்லித் தராது. அது ஆடி ஆடிக் கண்ணுக்குப் பழக வேண்டிய விஷயம். உண்மையான கடினம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சேறு வரும் டர்ன்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மனியின் வேகம் சட்டென்று அடங்கிவிடும், அதற்கு முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னேறியிருக்க வேண்டும். சோவியத் பக்கம் ஆடும்போது இழந்த படைகளை நிரப்ப ஒவ்வொரு டர்னும் நிறையக் கிடைக்கும். ஆகவே இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கலாம். இரண்டு பக்கத்தையும் ஆடிப் பார்த்தால்தான் இந்தச் சமன்பாடு தெளிவாகிறது. ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் எதிராளி செய்வதெல்லாம் மர்மமாகவே இருக்கும்.

பிறகு ஒரு நண்பருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வாஸல் என்ற இலவச மென்பொருளில் வரைபடத்தைத் திறந்து, ரூல்புக்கைக் கொடுக்காமல் அந்த மூலைச் சண்டையை மட்டும் வைத்தேன். “அப்போ என் காலாட்படை இப்பவே நகர முடியாதா?” என்று கேட்டார். “முடியாது, டாங்கி மட்டும்தான். அதை எங்கே வைக்கலாம்னு பாருங்க” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நேராகக் கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்தார். அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். மீதி விதிகளை ஆட்டத்தின் நடுவில் தேவைப்பட்டபோது சொன்னேன், எதுவும் பாரமாகத் தெரியவில்லை என்றார்.

அடுத்தது சப்ளை கணக்கு முழுதாக இருக்கும் ஒரு விளையாட்டு. ஒவ்வொரு படையிலிருந்தும் அதற்குச் சப்ளை வரும் இடம் வரை, எதிரி மறிக்காத கட்டங்களாகவே ஒரு பாதை இருக்க வேண்டும். அதிலும் முழு வரைபடத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு சாலையையும் நாலைந்து கவுண்டர்களையும் வைத்து ஆரம்பிக்கப்போகிறேன், இந்த முறையும் இரண்டு பக்கமும் நானே.