மழலையர் வகுப்பில் கவனிப்பும் மதிப்பீடும்

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள், தமக்குத் தெரிந்ததைக் கேட்ட நேரத்தில் கேட்ட விதமாகச் சொல்வதில்லை. கட்டைகளை அடுக்கும்போதும், பொம்மைக்குச் சோறூட்டும்போதும், தன் முறை வரும்வரை பொறுக்க முடியாமல் அழும்போதும் அது தானாக வெளிப்படுகிறது. ஆகவே, அருகில் அமர்ந்து கவனிப்பதும் கவனித்ததை அன்றே எழுதிவைப்பதுமே இந்த வயதினருக்கான மதிப்பீட்டில் பெரும்பகுதி என்று என் பணியில் உணர்ந்திருக்கிறேன்.

எண்ணும் திறனையே எடுத்துக்கொள்வோம். என் வகுப்பில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இருபது வரை தடங்கலின்றிச் சொல்வாள். சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு குறியிட்டுவிட்டு அடுத்த குழந்தையிடம் போய்விடலாம். ஆனால் ஏழு மணிகளை முன்னால் வைத்தபோது, விரல் ஒரு மணியில் நிற்கையிலேயே வாய் இரண்டு எண்களைச் சொல்லிவிட்டது. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். எண்களை வரிசை மாறாமல் சொல்வது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துவது, கடைசி எண்ணே மொத்தத்தைக் குறிக்கும் என்று அறிவது ஆகியவற்றைத் தனித்தனிக் கொள்கைகளாக உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டெலும் 1978ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் விளக்கியிருந்தார்கள். முதலாவது அவளிடம் உறுதிப்பட்டிருப்பதையும், மற்ற இரண்டும் இன்னும் கைகூடவில்லை என்பதையும் அந்தச் சில நிமிடங்களில் கண்கூடாகக் கண்டேன். மறுநாள் இரண்டு கிண்ணங்களைக் கொடுத்து, எண்ணிய மணியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றச் சொன்னேன். கையோடு சேர்ந்து வாயும் நிதானப்பட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டாத மதிப்பீட்டால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

குறிப்பில் நாள், நேரம், குழந்தை செய்தது, அதன் சொற்களிலேயே அது சொன்னது ஆகியவை இருந்தால் போதும். 'பிடிவாதம்', 'மந்தம்', ஏன், 'கெட்டிக்காரி' என்பதுகூட அதில் இடம்பெறக் கூடாது. ஓரமாக நின்று பிறர் விளையாடுவதைப் பார்க்கும் குழந்தையைப் பற்றிக் 'கலந்துகொள்ளவில்லை' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் குழந்தைகள் பிறரோடு விளையாட்டில் கலந்துகொள்ளும் விதங்களை வகைப்படுத்தி மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு பார்த்துக்கொண்டிருப்பதையும் ஒரு தனி வகையாகவே சேர்த்திருக்கிறார். என் வகுப்பில் அப்படி நின்ற சிறுவன் ஒருவன், கோபுரம் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம், "விழுந்துடும், பெரிய கட்டையைக் கீழ வை" என்றான். அவன் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. ஆயினும் எடையையும் சமநிலையையும் பற்றி அவன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்பதற்கு அந்த ஒரு வரியைவிட நல்ல சான்றை எந்தப் பயிற்சித்தாளும் தந்திராது.

ஒரே நாளில் கண்டதை வைத்து முடிவு கட்டுவது அநியாயம். தூக்கம் போதாத குழந்தையும், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தையும் வகுப்பில் ஒருவிதமாகவும் திடலில் வேறுவிதமாகவும் தெரிவார்கள். அதனால்தான் பெற்றோர் வரும்போது தரநிலையைச் சொல்லாமல், சில மாத இடைவெளியில் எழுதிய இரண்டு குறிப்புகளை வாசித்துக் காட்டுகிறேன். கேட்டதும், "வீட்டில் இப்படிச் செய்வான்" என்று அவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். அதையும் நாளிட்டு அதே ஏட்டில் எழுதிக்கொள்கிறேன்.