பங்குனி வெயிலில் கொட்டான் பின்னல்

மாசிக் கடைசியில் தொடங்கிய கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, பின்னுகிற வேலை இப்போது ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. வைகாசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கொடுக்க வேண்டும். அதைக் கடைப் பையில் போட்டுக் கொடுக்க எனக்கு மனசில்லை. எங்கள் காரைக்குடிப் பக்கம் விசேஷம் என்றாலே பனையோலைக் கொட்டான்தானே! செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெருமைதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பின்னுகிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால்தான் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய்ச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன்.

முதல் வேலை ஓலை. முற்றிய ஓலை மடக்கினால் ஒடியும், குருத்தோலைதான் வேண்டும். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், உச்சி வெயில் இறங்கும் இடத்தில் பரப்பிக் காயவைத்தோம். பச்சை போய்ச் சந்தன நிறத்துக்கு வர வேண்டும். அதே இடத்தில்தான் அத்தை வேப்பம்பூவையும் காயவைப்பார். பங்குனிக் காற்று அடித்தால் இரண்டும் கலந்துவிடும். கடைசியில் வளவின் ஒரு பாதி அவருக்கு, மறுபாதி எனக்கு என்று ஆயிற்று.

காய்ந்த ஓலையில் ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலத்தில் இழையாகக் கிழிக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது கால் அங்குலம். ஒரு இழை கொஞ்சம் அகலமாகப் போனாலும் அந்த வரிசையே மேடு தட்டும். பின்னுவதைவிட இதற்குத்தான் அதிகப் பொறுமை தேவைப்படுகிறது.

சாயத்துக்கு மாதிரியாக என் கல்யாணக் கண்டாங்கிச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டேன். மஞ்சளும் அரக்கும் கட்டம் போட்டது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது காரைக்குடிக் கண்டாங்கி. கொட்டானில் இழை குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் அந்தக் கட்டம் தானாகவே விழுந்துவிடுகிறது. நெடுக்கில் மஞ்சள், குறுக்கில் அரக்கு, அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடியைக் கரைத்து இழையை முக்கி எடுத்தோம். அப்புறம் அலசுகிற தண்ணீர் தெளிகிறவரை அலசினோம். கல்யாணத்துக்குப் பட்டு உடுத்தி வருகிறவர்கள் மடியில் சாயம் ஒட்டக்கூடாதே.

இதற்கிடையில் வீட்டில் பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அவள் படிக்கும்போது டிவி கிடையாது, மிக்சி கிடையாது. சத்தமில்லாத வேலை இது ஒன்றுதான், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னினேன். வரலாறு ஒப்பித்துக்கொண்டே இழை எடுத்துக் கொடுப்பாள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்கு என் வீட்டுக்காரர் காப்புக் கட்டியிருந்தார். விரதச் சமையல், வருகிற சொந்தங்கள், பால்குடம் என்று அந்த நாட்களில் ஓலையைத் தொட நேரமே இல்லை. சின்னவனுக்கோ குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்குப் போயே ஆக வேண்டும். போய் வந்தோம், கூட்டத்திலும் நல்ல தரிசனம்.

கொட்டானில் ஒரு வசதி, பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் திரும்ப எடுக்கும்போது ஓலை விறைத்திருக்கும். ஈரத்துணியில் சுற்றிவைத்து, பதமானதும் தொடர வேண்டும். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் உப்பி, காய்ந்த பிறகு சுருங்கி இடைவெளி விடும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. ஆச்சி சொல்லிக்கொடுத்த பதம் அது.

அடிப்பாகம் சதுரம், ஒன்று விட்டு ஒன்று பின்னிக்கொண்டு போனால் வந்துவிடும். நான்கு பக்கமும் இழையை மேலே நிமிர்த்தும்போதுதான் சவால். மூலை விலகிக்கொண்டு நிற்கும். ஆச்சி என் கையைப் பிடித்து, “மூலையில இறுக்கிப் பிடி ஆத்தா, நடுவு தானா வரும். மேல வர வர விட்டுக் குடு” என்றார். அப்படியே செய்தேன். அடியில் சதுரமாக நிற்கிற கொட்டான், மேலே போகப் போக வட்டமாகத் திரும்புகிறது. அது திரும்புகிற அந்த இரண்டு வரிசையைப் பார்க்கிறபோதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. வாய்க்கு வந்ததும் மிச்ச இழைகளை உள்பக்கமாக மடக்கி, பின்னலுக்குள் சொருகிவிட்டால் முடிந்தது. விளிம்பில் குரோஷா லேசும் மணியும் தைப்பது அத்தையின் பொறுப்பு, அவர் கை அதில் தேர்ந்தது.

இப்போது பட்டாசாலை (கூடம்) அலமாரி முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. ஈரம் இருந்தால் கறுத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே அடுக்குகிறேன். மாவுருண்டையின் நெய் ஓலையில் இறங்காமலிருக்க உள்ளே வாழையிலைத் துண்டு வைத்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது. அடுத்து மணப்பெண்ணுக்கு மூடி போட்ட பெரிய கொட்டான் ஒன்று. தேர்வு முடிந்ததும் அதைத் தானே பின்னுவேன் என்று பெரியவள் சொல்லியிருக்கிறாள். கிளிப்பச்சைச் சாயத்துக்கும் சொல்லியாயிற்று.