செவலை: ஆனியும் ஆடியும்

ஜூன் 15, 2025, ஞாயிறு

மணக்குடிக் காயல் பக்கம் சித்தப்பாவுக்கு 2 ஏக்கர் தென்னந்தோப்பு. அதில் நாலு பசு, ஒரு செவலைக் குதிரைக்குட்டி. குட்டி என்பது வாய்ப்பழக்கம், மூன்று வயசாகிவிட்டது. கடற்கரையில் சவாரி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை நிறுத்தியபோது தாய்க்குதிரையைச் சித்தப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அது சினையாக இருந்தது விற்றவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. போன வருஷம் தாய் வயிற்றுவலியில் போய்விட்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் சிக்கினால் உருண்டு புரள்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அன்று ராத்திரியை நான் எழுதப்போவதில்லை.

பிறந்ததிலிருந்து செவலையை ஒரு கை தொட்டதில்லை. 30 அடி நெருங்கினால் தோப்பின் அந்தக் கோடிக்குப் பாய்ச்சல்.

பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி, "கோடியக்கரைக் குதிரையா மக்கா? பிடிச்சிட்டு வந்துட்டியளோ?" என்று கேட்டார். கோடியக்கரையில் வெளிமானோடு திரிகிற மட்டக்குதிரைகளைச் சொல்கிறார். அது 1967 முதல் சரணாலயம், பிடித்தால் ஜெயில் என்றேன். ஆனால் அந்தக் குதிரைகளும் ஒரு காலத்தில் மனிதரிடம் இருந்தவற்றின் வாரிசுகள்தான். அமெரிக்காவின் மஸ்டாங்கும் அப்படித்தான், ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழி. காட்டுக்குதிரை என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் வீட்டை விட்டுப் போனவைதான். செவலை வீட்டுக்குள்ளேயே இருந்து காடாகிப்போனது.

"ஆவணிக்குள்ள பழக்கிரு பிள்ளே. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடலாம்" என்றார் சித்தப்பா. நான் பதில் சொல்லவில்லை.

ஜூன் 17

தக்கலைப் பக்கத்திலிருந்து பாட்டா வந்தார். சொந்தப் பாட்டா இல்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. ராணுவத்தில் கோவேறு கழுதைகளோடு மலையில் கிடந்தவர். சாட்டை கொண்டுவருவார் என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டார். தோப்பு நடுவில் போட்டு, "இரி. அதுக்கு முதுகைக் காட்டி இரி" என்றார்.

40 நிமிஷம். கொசு வேறு.

"குதிரை என்ன செய்யுது?"

"தெரியல பாட்டா, முதுகைக் காட்டில்லா இருக்கேன்."

"காது எதுக்கு இருக்கு?"

அப்புறம்தான் கேட்டது. புல்லைக் கடிக்கிற சத்தம், மூக்கால் ஊதுகிற சத்தம். நேற்றைவிடக் கிட்டத்தில்.

ஜூன் 22

50 அடி அகலத்தில் வட்டமாகத் தென்னங்கழி வேலி கட்டியாயிற்று. மூலை இருந்தால் அதில் போய் மாட்டிக்கொண்டு பதறும் என்பதால் வட்டம். செவலையை உள்ளே கொண்டுவர இரண்டு நாள் ஆனது. துரத்தவில்லை, கொள்ளும் தண்ணீரும் உள்ளே வைத்துக் காத்திருந்தோம்.

இன்றைக்கு நடந்ததைச் சரியாக எழுதிவைக்க வேண்டும். நான் நேராக நடந்தேன், ஓடியது. பாட்டா என்னை வளைந்து நடக்கச் சொன்னார், அதன் தோளைப் பார்த்து, கண்ணைப் பார்க்காமல். ஓடினது நின்று, ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. "திரும்பு! திரும்பிப் போ!" என்று பாட்டா அடிக்குரலில் அதட்டினார். எனக்கோ அப்போதுதான் இன்னும் ஒரு அடி வைக்க ஆசை. திரும்பி நடந்தேன். மறுபடி போனேன், காது திரும்பியதும் விலகினேன். இப்படி இருபது தடவை இருக்கும்.

கிட்டப் போவதை அது ஒரு பாரமாகத்தான் உணர்கிறது. பாரம் எந்த நொடியில் இறங்குகிறதோ, அந்த நொடியில் தான் செய்ததைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஓடும்போது நான் விலகினால் ஓடக் கற்கிறது, நிற்கும்போது விலகினால் நிற்க. இரண்டு நொடி பிந்தினால் வேறெதையோ கற்றுக்கொடுத்துவிடுவேன். இத்தனை நாளும் பயந்து பின்வாங்கிப் பின்வாங்கி, ஓடுவதற்கு நாங்கள்தான் பாடம் நடத்தியிருக்கிறோம்.

ஜூன் 30

மூங்கில் கம்பு. 12 அடி, நுனியில் பழைய பனியன் துணி. கை போகுமுன் கம்பு போகட்டும் என்பது பாட்டாவின் கணக்கு. அமெரிக்காவிலும் மஸ்டாங்குகளுக்கு இந்த மூங்கில் வித்தை உண்டு, சொன்னபோது பாட்டா, "அவனுக்க ஊர்ல மூங்கில் உண்டா?" என்றதோடு சரி.

பிடரி மயிர் முடிகிற மேட்டில்தான் முதல் தொடுகை. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடுவது அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் நாடித்துடிப்பே குறையுமாம். நாமோ ஆசையில் நெற்றியைத் தொடப் போவோம். நெற்றிக்கு நேர் எதிரே அதற்குக் கண் தெரியாது. சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை பார்க்கிற மிருகம், மூக்குக்கு முன்னால் இருப்பதைப் பார்க்காது.

துணி பட்டதும் தோல் சிலிர்த்தது. ஓடவில்லை. கம்பை எடுத்தேன். பிறகு நாக்கால் உதட்டைச் சப்பியது. அது சம்மதம் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. பயம் தணிந்தால் வறண்ட வாயில் எச்சில் ஊறும், அவ்வளவுதான். ஆனாலும் சந்தோஷம்.

ஜூலை 4

கம்பைக் குறுக்கிக் குறுக்கிப் பிடித்து, கடைசியில் என் கை. இடப்பக்கத் தோள்மேடு. சூடாக இருந்தது. உப்புக்காற்றில் மயிர் பிசுபிசுத்துக் கிடந்தது. ஆபீசுக்கு லேட்.

ஜூலை 6

சித்தப்பா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ரீல்ஸ் எடுக்க வேண்டுமாம். "கயித்தைப் போடேன்க்கா, ஒரே ஒரு ஷாட்." தப்பு அவனுடையது இல்லை, எனக்கும் காட்டிக்கொள்ள ஆசை. பாட்டா வராத நாள். முகக்கயிற்றை ஒரே மூச்சில் தலையில் மாட்டினேன், மாட்டியும்விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு தென்னமட்டை பின்னால் விழுந்தது. வட்ட வேலியை மார்பாலேயே உடைத்துக்கொண்டு வெளியே போய், முள்கம்பியில் கிழித்துக்கொண்டது. ஒரு சாண் நீளம். ரீல்ஸில் என் அலறல் மட்டும் இருக்கிறது.

ஜூலை 7

கால்நடை டாக்டர் வந்தார். காயத்தைவிட ரணஜன்னிதான் (டெட்டனஸ், தாடை இறுகிப்போகிற நோய்) அவருக்குக் கவலை. குதிரைக்கு அது மற்ற கால்நடைகளைவிட எளிதில் வரும். ஊசி கையில் இருக்கிறது, குதிரை 200 அடியில் நிற்கிறது. நாலு ஆளை விட்டு அமுக்கலாமா என்றார் சித்தப்பா. இந்த மிரட்சியில் கால் ஒடிந்தால் என்ன செய்வது என்று டாக்டரே வேண்டாமென்றுவிட்டார். அது தொட விடுகிற நாளில் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனார்.

பாட்டா என்னைத் திட்டவில்லை. நாற்காலியை எடுத்துவந்து தோப்பு நடுவில் போட்டார்.

ஜூலை 17

ஆடி ஒண்ணு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றுகிற நேரம். இங்கே ஓலைச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. பத்து நாளாகப் பழைய இடத்துக்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறோம். தினமும் தூரத்திலிருந்தே காயத்தைப் பார்க்கிறேன், வாயைத் திறந்து மெல்லுகிறதா என்று பார்க்கிறேன். தாடை இறுகினால் முடிந்தது.

மட்டை விழும்போதெல்லாம் பாட்டா அசையாமல் நிற்கிறார். "நீ துள்ளினா அதுவும் துள்ளும். பைய மூச்சு விடு." சாயங்காலம் ஒரு மட்டை விழுந்தபோது செவலை நாலே அடி ஓடி நின்று என்னைப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூச்சுவிட்டேன்.

ஜூலை 19

ஊசி போட்டாயிற்று. நான் தோள்மேட்டைச் சொறிந்துகொண்டே இருந்தேன், டாக்டர் பேசாமல் என் தோளோடு ஒட்டி வந்து கழுத்தில் குத்தி எடுத்தார். தலையைத் தூக்கியது. மேலுதட்டை நீட்டி நெளித்துக்கொண்டே நின்றது. எனக்குத்தான் கால் நடுங்கியது.

ஜூலை 24

ஆடி அமாவாசை. குமரி ரோடு முழுக்கத் தர்ப்பணக் கூட்டம். தோப்புக்குப் போகவே முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து சித்தப்பாவோடு சண்டை. மூணு வயசு முதுகில் மாப்பிள்ளையை ஏற்றக் கூடாது, முதுகெலும்பு முதிர 5 வயசுக்கு மேல் ஆகும் என்றேன். "பின்ன எதுக்குப் பழக்குகே?"

காலைத் தூக்கிக் கொடுக்க, என்றேன். இந்தத் தோப்பு மணலில் குளம்பு போதுமான அளவு தேயாது. 6 வாரம், 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் செருப்பு மாதிரி நீளும், நடை கெடும். பாண்டிய நாட்டுக்கு வருஷாவருஷம் கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கின, பார்க்கத் தெரிந்த ஆளில்லாமல் செத்தன என்று மார்க்கோ போலோ எழுதிவைத்துப் போய் 700 வருஷமாகிறது. சித்தப்பா, "அவன் யாரு, நம்ம தோப்புக்கு வந்தானா?" என்றார். ஆனால் ஆவணி பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆகஸ்ட் 3

முகக்கயிறு, இந்தத் தடவை ஏழு நாளில். முதலில் தரையில் கிடந்தது, பிறகு என் தோளில், பிறகு அதன் கழுத்தில். இன்று காதுக்குப் பின்னால் முடிச்சு. போட்டதும் அவிழ்த்துவிட்டேன். ஒன்பது தடவை. பத்தாவதுக்கு நான் போகவில்லை. அதுவே மூக்கைக் கயிற்றுக்குள் நுழைத்தது. கொள்ளு வாசனைக்காகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 10

முன்னங்கால், இடது. முழங்காலுக்குக் கீழே விரலால் லேசாக அழுத்தினேன். எடையை மாற்றி, குளம்பைத் தூக்கிக் கையில் வைத்தது. பிடித்துக்கொண்டே இருக்க ஆசை. இரண்டு எண்ணி இறக்கிவிட்டேன். நானாக இறக்கினேன், அது பிடுங்கவில்லை.

"நாளைக்கு மூணு எண்ணு" என்றார் பாட்டா.

வலப்பக்கம் போனேன். அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. நாற்காலியை எடுத்துக்கொண்டு போனேன்.