பிரெஞ்சுப் புரட்சியைக் கடன் கணக்காகப் படித்த கதை

வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்து, குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதினேன். உலக வரலாற்றில் என்னை ரொம்பவே படுத்தியது 1789 முதல் 1815 வரையிலான அந்த 26 வருடம்தான். மன்னராட்சி, அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி, குடியரசு, ஐந்து பேர் நடத்திய டைரக்டரி, மூன்று கான்சல்கள், கடைசியில் ஒரு பேரரசர். ஒரு பெயரை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் அடுத்த ஆட்சி வந்துவிடும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சார்ட் பேப்பர் வாங்கித் தேதிகளை வரிசையாக எழுதி, கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். மூன்று வாரத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அந்தத் தெம்பில் "பிரெஞ்சுப் புரட்சி ஏன் ஒரு தளபதியின் ஆட்சியில் முடிந்தது?" என்ற கேள்விக்கு விடை எழுதி, நூலகத்தில் எங்களோடு படித்த ஓர் அண்ணனிடம் காட்டினேன். அவர் பென்சிலால் அங்கங்கே வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். "ஏம்மா, இதுல 'பிறகு'ன்னு ஒன்பது தடவை வருது. 'அதனால'ன்னு ஒரு தடவைகூட வரலையே?" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே சார்ட்டைக் கிழித்துவிட்டேன். 'அதனால்' போட வேண்டுமென்றால் எல்லா ஆட்சிகளுக்குள்ளும் ஓடும் ஒரு நூல் வேண்டும். எனக்குக் கிடைத்த நூல் பணம்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்கு எதிராகப் போய் நின்றதில் பிரெஞ்சுக் கஜானா காலியானது. 1788 வரவு செலவைப் பார்த்தால், அரசின் செலவில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போகிறது. வரி கட்டியவர்களோ பெரும்பாலும் மூன்றாம் எஸ்டேட்காரர்கள், அதாவது பாதிரியாரும் பிரபுவும் அல்லாத பொதுமக்கள். இதில் பலர் தாண்டிப் போய்விடும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் நிலவரி கட்ட வேண்டும் என்ற யோசனையை 1787இல் நிதி அமைச்சர் கலோன் பிரமுகர் சபை முன் வைத்தார். அந்தச் சபை அதை ஏற்கவில்லை. புது வரி என்றால் மூன்று எஸ்டேட்களின் பிரதிநிதிகளும் சேர்ந்த சபையான ஸ்டேட்ஸ் ஜெனரல்தான் கூட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அதாவது மன்னரை முதலில் மடக்கியது பட்டினி கிடந்த பாரிஸ் மக்கள் இல்லை, சலுகை பெற்ற பிரபுக்கள். என் விடையை இந்த இடத்திலிருந்து தொடங்கினேன். மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைப் பிடித்ததில் தொடங்கும் நூறு விடைத்தாள்களுக்கு நடுவில் இது தனியாகத் தெரியும் என்பது என் கணக்கு.

அப்புறம் நடந்ததெல்லாம் தானாகவே கோத்துக்கொண்டது. வேறு வழியில்லாததால், 1614க்குப் பிறகு கூடாத சபை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது. எஸ்டேட்டுக்கு ஒரு வாக்கா, தலைக்கு ஒரு வாக்கா என்ற சண்டையில் மூன்றாம் எஸ்டேட் ஜூன் 17இல் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது. டென்னிஸ் மைதான உறுதிமொழி, பாஸ்டில், ஆகஸ்ட் 4 இரவில் நிலமானிய உரிமைகளைக் கைவிட்டது எல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். அவற்றை இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

நின்று படிக்க வேண்டியது நவம்பர் 2. அன்றுதான் திருச்சபையின் நிலங்கள் நாட்டுடைமை ஆயின. மன்னர் வாங்கிய கடனைப் புரட்சி அரசு தள்ளுபடி செய்யவில்லை, தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதை அடைக்கத் திருச்சபை நிலத்தை ஈடு காட்டி 'அசிங்யா' என்ற பத்திரங்களை வெளியிட்டது. கொஞ்ச நாளில் அவையே பணத்தாளாகப் புழங்கின. நிலம் போனதால் பாதிரியார்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு அரசிடம் வந்தது. அதனால் அவர்கள் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. பாதிப் பேர் மறுத்தார்கள், போப் கண்டித்தார், கிராமங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1793இல் ராணுவத்துக்கு மூன்று லட்சம் பேர் வேண்டும் என்று அரசு கேட்டபோது வாந்தே பகுதி கிளர்ந்தெழுந்ததற்கு இந்தப் புண்ணும் ஒரு காரணம்.

போர்ச் செலவுக்கு அசிங்யாவை அச்சடித்துத் தள்ளினார்கள். பணத்தின் மதிப்பு சரிந்தது, ரொட்டி விலை ஏறியது, பாரிஸின் ஏழைகள் தெருவுக்கு வந்தார்கள். 1793 செப்டம்பரில் வந்த அதிகபட்ச விலைச் சட்டத்தை இந்தக் கோபத்தோடு சேர்த்துப் படித்தால்தான், புரட்சியின் எதிரிகள் என்று ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பயங்கர ஆட்சி புரியும். அதுவரை எனக்கு, அந்த ஆட்சியின் முக்கியத் தலைவரான ரோபஸ்பியர் என்றால் தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரம் மட்டும்தான். மாவு விலையும் அவர் காலத்துக் கவலை என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பாடமே பிடிபட்டது.

இங்கே ஒரு சின்ன உதவி. 'தெர்மிடோர் 9', 'புருமேர் 18' என்ற தேதிகள் பலரைப் பயமுறுத்தும். புரட்சி அரசு போட்ட புதிய நாள்காட்டி அது. மாதத்துக்கு 30 நாள், வாரத்துக்குப் பத்து நாள். மார்கழி என்றதும் பனி நினைவுக்கு வருகிற மாதிரி, தெர்மிடோர் என்றால் வெயில், புருமேர் என்றால் மூடுபனி. ரோபஸ்பியர் வீழ்ந்தது கோடையில், 1794 ஜூலை 27. நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது மூடுபனிக் காலத்தில், 1799 நவம்பர் 9.

டைரக்டரியைப் பெரும்பாலான குறிப்புகள் 'ஊழல் மிகுந்த ஆட்சி' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்குக் கிடைத்த பயிற்சி வகுப்புக் குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கேள்விக்கான விடையே இங்கேதான் இருக்கிறது. 1796 பிப்ரவரியில் அசிங்யா அச்சுத் தகடுகளைப் பாரிஸில் மக்கள் முன்னிலையில் உடைத்தார்கள். அடுத்த ஆண்டு, அரசுக் கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் கைகழுவினார்கள். வரி ஒழுங்காக வராத அந்த அரசுக்கு இத்தாலியிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர் ஓர் இளம் தளபதி. தேர்தல் முடிவு பிடிக்காதபோது, 1797 செப்டம்பரில், அரசு கூப்பிட்டதும் ராணுவத்தைத்தான். சோறு போடுவதும் ராணுவம், காப்பாற்றுவதும் ராணுவம் என்று ஆன பிறகு, அந்தத் தளபதி எவ்வளவு நாள் வாசலிலேயே நிற்பார்?

நெப்போலியனுக்கு வரும்போது போர்களின் பட்டியலில் மூழ்கிவிடாதீர்கள். ஆஸ்டர்லிட்ஸ், டிரஃபால்கர், ரஷ்யா, லீப்சிக், வாட்டர்லூ போதும். 1800இல் பிரான்ஸ் வங்கி, 1801இல் போப்புடன் உடன்படிக்கை, 1803இல் நிலையான பிராங்க் நாணயம், 1804இல் சிவில் சட்டத் தொகுப்பு, இவைதான் மதிப்பெண் தரும். போப்புடன் செய்த உடன்படிக்கையில் திருச்சபை தன் பழைய நிலங்களைத் திரும்பக் கேட்காது என்று ஒப்புக்கொண்டதைக் கட்டாயம் எழுதுங்கள். 1794இல் ஒழித்த அடிமை முறையை 1802இல் அவர் திரும்பக் கொண்டுவந்ததையும் விட்டுவிடாதீர்கள். 'புரட்சியின் குழந்தை' என்று பாராட்டும் விடைக்கு அந்த ஒரு வரி சமநிலை தரும்.

நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டிலில் நூற்றுக்கணக்கான கைதிகளை விடுவித்ததாக எழுதினேன், உள்ளே இருந்தது ஏழே பேர். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று அரசி மேரி அன்டாய்னெட் சொன்னதாக ஒரு முன்னுரை எழுதினேன், அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. மன்னராட்சியைக் கவிழ்த்தது நெப்போலியன் என்று அவசரத்தில் ஒருமுறை எழுதியதுதான் உச்சம். மன்னர் பதினாறாம் லூயி 1793 ஜனவரி 21இலேயே தலையை இழந்துவிட்டார். மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண் என்றால் 20 மதிப்பெண் கேள்விக்குச் சுமார் 14 நிமிடம்தான். அந்த வேகத்தில் கை இப்படியெல்லாம் எழுதும். அதனால் தினமும் ஒரு விடையாவது கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

மாதிரி விடையைத் திரும்ப எழுதியபோது 1804 டிசம்பர் 2இல், நோட்ர டாம் தேவாலயத்தில், முடித்தேன். கிரீடத்தைத் தானே எடுத்துச் சூடிக்கொண்டார் என்று எல்லோரும் எழுதுவார்கள், தப்பில்லை. நான் அன்று அவர் எடுத்த உறுதிமொழியை எழுதினேன். நாட்டுடைமையாகி விற்கப்பட்ட நிலங்களின் விற்பனை செல்லும், அதை மாற்ற முடியாது என்பதும் அதில் ஒரு வாசகம். 1789 நவம்பரில் கடன் அடைக்கக் கையில் எடுத்த அதே நிலம், பதினைந்து வருடம் கழித்து முடிசூட்டு விழாவுக்குள் வந்து நிற்கிறது.

அண்ணன் மறுபடியும் பென்சிலை எடுத்து எண்ணினார். ஏழு 'அதனால்'. "நல்லாருக்கு. ஆனா ஸ்பெயின் படையெடுப்புக்கும் பணத்தையே காரணமா இழுத்துப் போட்டிருக்க பாரு, அதை எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன்.